எக்ஸ்ரே ஃபிலிமா, ஸ்டிக்கர் ஷீட்டா?

பழைய டி-சர்ட்டில் ஸ்டென்சில் (எழுத்தையோ படத்தையோ வெட்டியெடுத்த ஷீட்) வைத்துப் பெயின்ட் அடிக்க உட்காருகிறவர்கள் முதலில் பெயின்ட்டைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஸ்டென்சிலை எதில் வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதுவும் தமிழ் எழுத்து என்றால்.

வீட்டில் கிடக்கும் எக்ஸ்ரே ஃபிலிம், இல்லாவிட்டால் ஸ்டேஷனரி கடையில் வாங்கும் ஓ.எச்.பி. ஷீட் என்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள். இரண்டும் துடைத்துத் துடைத்துப் பயன்படும். பத்து சட்டைக்கு ஒரே நட்சத்திரம் போட இதற்கு ஈடில்லை. ஆனால் மகளின் டி-சர்ட்டில் ‘வண்டு’ என்று எழுதப் போய் மாட்டிக்கொண்டேன். ‘வ’வை வெட்டியதும் சுழிக்குள் இருந்த துண்டும் கையோடு வந்துவிட்டது. ‘ண’விலும் அதே கதை. துண்டு நிற்க வேண்டுமென்றால் சுழிக்குச் சுழி சின்னதாய் ஒரு பாலம் விட்டு வெட்ட வேண்டும். விட்டேன். அரிசி மூட்டையில் அடித்த எழுத்தைப் போல வந்தது. போதாக்குறைக்கு, ஃபிலிம் துணியோடு ஒட்டாததால் ஓரத்தில் பெயின்ட் கசிந்துவிட்டது.

பின்பக்கம் பசையுள்ள ஸ்டிக்கர் ஷீட்டில் இந்தத் தொல்லை இல்லை. சுழித் துண்டைத் தனியாக எடுத்து அதன் இடத்தில் ஒட்டிவிடலாம். ஓரத்தை நகத்தால் நன்றாகத் தேய்த்துவிட்டால் கோடு கத்திபோல வரும். ஒரு முறை உரித்தால் பசையெல்லாம் பஞ்சு, அதோடு குப்பைக்குத்தான். இருந்தாலும் எழுத்துக்கு இனி எனக்கு இதுதான்.

எதில் வெட்டினாலும் சட்டைக்குள் ஓர் அட்டை வையுங்கள், இல்லையென்றால் முதுகுப் பக்கமும் வண்டு வரும். ஸ்பாஞ்சில் பெயின்ட்டைத் தொட்டு, முதலில் செய்தித்தாளில் ஒற்றி, அப்புறம் செங்குத்தாகத் தட்ட வேண்டும். பிரஷ்ஷால் இழுத்தால் பெயின்ட் ஸ்டென்சிலுக்கு அடியில் ஓடிவிடும்.

சரி, பெயின்ட். சாதாரண அக்ரிலிக் காய்ந்தால் விறைத்துக்கொள்ளும். டி-சர்ட் துணியோ இழுபடும், நாளடைவில் பெயின்ட் வெடிக்கும். ஃபேப்ரிக் பெயின்ட் துணியோடு வளையும். ஒரு நாள் காயவிட்டு, சட்டையைப் புரட்டி உள்பக்கமாக இஸ்திரி போடுங்கள். மூன்று நாள் கழித்துத் துவைக்கலாம். கறுப்புச் சட்டை என்றால் முதலில் வெள்ளை ஒரு கோட். அது காய்ந்தபிறகு அதன்மேல் அடித்தால்தான் மஞ்சள், மஞ்சளாகத் தெரியும்.