'வுதரிங் ஹைட்ஸ்' ஜோசப்பைப் புரிந்துகொள்ள எது உதவும்: குறிப்புரையா, ஒலிநூலா, அகராதியா?

ஆங்கிலம் ஓரளவு சரளமாக வாசிப்பவர்கள்கூட எமிலி பிரான்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில் வேலைக்காரக் கிழவர் ஜோசப் வாயைத் திறந்ததும் திணறிப்போகிறார்கள். யார்க்‌ஷயர் என்ற வட இங்கிலாந்துப் பகுதியின் பேச்சை எமிலி காதில் விழுந்தபடியே எழுத்துக்கூட்டி வைத்திருக்கிறார். அந்த வரிகளைத் தாண்டிப் போங்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன், கதை நடக்கும் வீட்டின் கடுகடுப்பு முழுக்க அவர் பேச்சில்தான் இருக்கிறது.

எளிமையாக்கிய பதிப்பு வேண்டாம். கதை கிடைக்கும், ஜோசப் கிடைக்கமாட்டார்.

1850 பதிப்பு ஒன்று உண்டு. எமிலி 1848 டிசம்பரில் இறந்த பிறகு, தெற்கு இங்கிலாந்துக்காரர்களுக்கே இது புரியாது என்று அக்கா சார்லட் ஜோசப்பின் எழுத்துக்கூட்டலைக் கொஞ்சம் இளக்கினார். அதனால் வாசிப்பு லேசாகிறதே தவிர, வட்டாரச் சொற்கள் எல்லாம் மறைந்துவிடவில்லை. நான் 1847 மூலத்தைத் தழுவிய பதிப்பையே வாங்கச் சொல்வேன்.

உண்மையான போட்டி, கடினச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் குறிப்புரைக்கும் ஒலிநூலுக்கும்தான். ஜோசப்பிடம் சிக்கல் இரண்டு வகை. 'மெய்ஸ்டர்' என்றால் மாஸ்டர், 'நீட்' என்றால் நைட், 'ஷூ' என்றால் ஷீ, இவையெல்லாம் தெரிந்த சொற்கள், உச்சரிப்புதான் வேறு. கண்ணுக்குப் புதிராக இருப்பது, நல்ல வாசிப்பாளர் ஒருவர் வாக்கியமாகப் படிக்கும்போது காதுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் 'லேத்' என்றால் தானியக் களஞ்சியம், 'நாபட்' என்றால் 'மட்டும்', 'ஃப்ளேசம்' என்றால் பயங்கரமான. இதை எத்தனை முறை கேட்டாலும் ஊகிக்க முடியாது, அங்கே குறிப்புரைதான் கை கொடுக்கும். குறிப்புரையின் குறை, பின்பக்கம் புரட்டிப் புரட்டிப் பேச்சின் வேகம் போய்விடும். ஒலிநூலின் குறை, வாசிப்பவருக்கு வடக்கத்திப் பேச்சு வராவிட்டால் எல்லாம் வீண். வாங்கும் முன் இரண்டாம் அத்தியாயத்தில் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஜோசப் ரைட்டின் ஆங்கில வட்டார வழக்கு அகராதி, 1898 முதல் 1905 வரை வந்த 6 தொகுதிகள். ரைட் யார்க்‌ஷயர்க்காரர், சிறுவயதில் ஆலைத் தொழிலாளி, பதின்வயதில்தான் வாசிக்கக் கற்றவர், பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர்! இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகம் இதை இணையத்தில் தேடும்படி செய்திருக்கிறது. பொக்கிஷம்தான், ஆனால் நாவலின் எழுத்துக்கூட்டல் அகராதித் தலைச்சொல்லோடு பொருந்தாமல் போகலாம், புதிதாகப் படிப்பவர் தேடியே களைத்துவிடுவார். குறிப்புரை கைவிட்ட இடத்துக்கு மட்டும் இது.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் குறிப்புரைப் பதிப்பை வாங்குங்கள், லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளத்தில் தன்னார்வலர்கள் படித்த ஒலிநூல் இலவசமாகவே இருக்கிறது. முதலில் கேளுங்கள், பிறகு நீங்களே வாய்விட்டுப் படியுங்கள், அதற்கும் பிடிபடாத சொல்லுக்கு மட்டும் குறிப்பைப் பாருங்கள். இரண்டாம் அத்தியாயத்தில் வேலைக்கார ஜோசப்பின் பேச்சு குட்டைதான், அங்கே பழகிக்கொண்டால் பதின்மூன்றாம் அத்தியாயத்தின் நீளமான வசவுகளை ரசித்தே படிக்கலாம்.