மொட்டைக்கு முன் ஒரு 'பேபி ஷூட்': பெங்களூருத் தமிழ்ப் பெற்றோர் கவனத்துக்கு

பெங்களூரில் கைக்குழந்தையோடு இருப்பவர்கள், முக்கியமாக முதல் பிறந்தநாள் நெருங்கும் வீட்டுக்காரர்கள், ஸ்டுடியோவில் குழந்தையைப் படமெடுக்கும் 'பேபி ஷூட்'டுக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஸ்டுடியோவின் பெயரை எழுதவில்லை. விசாரித்த வரையில் இதே கதை வேறு பெயர்ப் பலகைகளின் கீழும் நடக்கிறது.

என் மகளுக்கு அப்போது பதினோராவது மாதம். மாதக் கடைசியில் தர்மபுரிப் பக்கம் குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். நெற்றியில் வந்து விழும் அந்தச் சுருட்டை முடி போவதற்கு முன் நாலு நல்ல படம் வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் ஸ்டால் போட்டிருந்தார்கள். 6,999 ரூபாய்க்கு இரண்டு மணி நேரம், மூன்று செட்டிங், பத்துப் படம். ஸ்டாலில் நின்றவர் கிருஷ்ணகிரிக்காரர். "நம்ம ஊரு பாப்பா, நான் பாத்துக்கிறேன் சிஸ்டர்" என்றார். ராமமூர்த்தி நகரில் ஒன்பது வருடம் குடியிருந்தும், யாராவது தமிழில் பேசிவிட்டால் இன்னும் உருகிவிடுகிறேன். நின்ற இடத்திலேயே 3,000 ரூபாய் அனுப்பினேன்.

கொடுத்த நேரம் மதியம் 12 மணி. அவள் தூங்குகிற நேரமே அதுதான். குழந்தைகளைப் படமெடுத்துப் பழகியவர் முதலில் கேட்க வேண்டியது "பாப்பா எப்ப தூங்கும், எப்ப சாப்பிடும்?" என்றுதான். இவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அது என் தப்பு.

எடுத்த பையனுக்கு இருபது வயது இருக்கலாம். நின்றபடியே எடுத்தான். தரையில் தவழும் குழந்தையை நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலையும் மூக்கும்தான் விழும். படுத்தோ உட்கார்ந்தோ கேமராவை அவள் கண் மட்டத்துக்கு இறக்க வேண்டும். நான் சொன்னபோது, "எடிட்டிங்ல பாத்துக்கலாம் மேடம்" என்றான்.

கடைசி செட்டிங் 'கேக் ஸ்மாஷ்'. குழந்தை முன் கேக்கை வைத்து, அது பிசைந்து அப்பிக்கொள்வதை எடுப்பது. க்ரீம் தடவிய ஒரு கேக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். விரலால் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தால், ஐயங்கார் பேக்கரி ஹனி கேக்! ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடாது. பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும், அதை எதிர்க்கும் பக்குவம் அந்த வயதுக் குடலுக்கு இல்லை. அந்தக் கேக்கில் தேன் எவ்வளவு, சர்க்கரைப் பாகு எவ்வளவு என்பது வேறு விஷயம், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். (பேத்திக்குத் தேனில்தான் சேனை வைக்க வேண்டும் என்று நின்ற என் மாமியார், "இதுக்குப் போயா சண்டை?" என்றார். அது தனிப் பஞ்சாயத்து.) கேக்கை எடுக்கச் சொல்லிவிட்டு, பையிலிருந்த வாழைப்பழம் இரண்டை உரித்து அவள் முன் வைத்தேன். அதைப் பிசைந்தபோதுதான் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

வியாபாரம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. பெரிய மானிட்டர் முன் உட்கார வைத்து, பின்னணியில் இசை ஓட, 140 படங்களைக் காட்டினார்கள். பத்துக்கு மேல் ஒவ்வொன்றும் 600 ரூபாய். "மொத்தமா 24,000. இன்னைக்கே சொன்னா 18,000. வாங்காத படத்தை ராத்திரியே டெலீட் பண்ணிடுவோம் சிஸ்டர், இடம் பத்தாது." அழுது ஓய்ந்து மடியில் தூங்கும் பிள்ளை, திரையில் வாயெல்லாம் வாழைப்பழமாகச் சிரிக்கும் அதே பிள்ளை. அழித்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 21,240. ஏற்கெனவே பேசிய 6,999 தனி.

பணம் கட்டும்போது டேப்லெட்டை நீட்டி "இங்க ஒரு சைன்" என்றார்கள். குழந்தையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு விரலால் கிறுக்கினேன். இந்தப் பதிவை எழுதுவதே அந்தக் கிறுக்கலுக்காகத்தான்.

ஏழு நாளில் தருவதாகச் சொன்ன படங்கள் பத்தொன்பதாம் நாள் வந்தன. அதற்குள் மொட்டை முடிந்துவிட்டது. திறந்து பார்த்தால், என் மாநிறப் பெண் மைதா மாவு நிறத்தில் இருக்கிறாள். இடது கன்னத்தில் நான் வைத்த திருஷ்டிப் பொட்டைக் கறை என்று நினைத்துத் துடைத்திருக்கிறார்கள், துடைத்த இடத்தில் வழவழவென்று ஒரு திட்டு. பின்னணியை மாற்றுவதற்காக உருவத்தை வெட்டியெடுத்ததில் நெற்றிச் சுருளெல்லாம் ஓரம் கத்தரிக்கப்பட்டுவிட்டது. எந்த முடிக்காகப் போனோமோ, அதைக் கோயிலுக்கு முன்னாலேயே இவர்கள் எடுத்துவிட்டார்கள்.

ஓசூரில் கல்யாண போட்டோ எடுக்கும் என் தம்பிக்கு அனுப்பினேன். ஃபைலின் விவரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, ஷட்டர் 1/60ல எடுத்திருக்கான். அதான் கையெல்லாம் கலங்கியிருக்கு" என்றான். கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அது, நொடிக் கணக்கில். தவழும் குழந்தைக்குக் குறைந்தது 1/250 வேண்டும், ஓடினால் 1/500. ஃப்ளாஷ் அடித்திருந்தால் அந்த வெளிச்சமே அசைவை நிறுத்திக் காட்டியிருக்கும், ஆனால் அங்கே இருந்தவை எந்நேரமும் எரியும் எல்.இ.டி. விளக்குகள். "காலைல ஜன்னல் ஓரமா, ஒரு வெள்ளைத் துணிய விரிச்சு, நீ தரையில படுத்துக்கிட்டு போன்லயே எடுத்திருக்கலாம்" என்றான். முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இப்போது அந்தக் கையெழுத்து. சண்டை போட்ட பிறகுதான் அதன் பிரதியை மெயிலில் அனுப்பினார்கள், நாலு பக்கம். பணம் திரும்பக் கிடையாது, எடிட்டிங் அவர்கள் இஷ்டம், படங்களின் பதிப்புரிமை அவர்களுடையது, விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17(பி) பிரிவின்படி, காசு கொடுத்து நாம் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் நாம்தான். சும்மா இருந்திருந்தாலே உரிமை என்னிடம் இருந்திருக்கும். அந்த 'வேறு ஒப்பந்தத்தை' நானே விரலால் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் போனால் அந்தப் படிவத்தை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். விளம்பரம், உரிமை இரண்டு வரியையும் நீக்கச் சொல்லுங்கள். எடிட் செய்யாத மூலப் படங்கள் எத்தனை, எந்தத் தேதிக்குள் கைக்கு வரும் என்பதை அதிலேயே எழுதி வாங்குங்கள். மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன், தமிழிலேயே பேச முடிந்தது. அதற்கப்புறம் ஸ்டுடியோவே கூப்பிட்டு 9,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தது. மூலப் படங்களைக் கேட்டால் "டெலீட் ஆயிடுச்சு". மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். 5 லட்சம் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

போன வாரம் ஒயிட்ஃபீல்டில் இருக்கும் என் தோழி, அவள் அபார்ட்மென்டில் போட்டிருந்த ஸ்டாலின் படம் ஒன்றை அனுப்பி, "இது உன் பொண்ணா?" என்று கேட்டாள். ஆள் உயர பேனர், வெள்ளை வெளேர் என்று ஒரு குழந்தை, கன்னத்தில் பொட்டு இல்லை. முகத்தை வைத்து அவளுக்குச் சந்தேகமே வரவில்லையாம். கேக் இருக்க வேண்டிய இடத்தில் வாழைப்பழம் இருந்ததைப் பார்த்துத்தான் கேட்டாளாம். பேனரை எடுக்கச் சொல்லி மெயில் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.