அப்பாவால் படிக்க முடியாத எச்சரிக்கை

சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில் தமிழ்நாட்டுக்கு வந்திருந்த சமயத்தில் வீட்டுச் சமையலறையில் பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்ததால், நீரிழிவு உள்ள அப்பாவையும் ஒன்பது வயது மகனையும் அழைத்துக்கொண்டு பெரும்பாலான நாள்கள் வெளியில்தான் சாப்பிட வேண்டியிருந்தது. ஊரில் உணவுப் பாதுகாப்பு எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அப்படித்தான் கிடைத்தது.

ஓர் உணவகத்தில் வாசலை ஒட்டிய எண்ணெய்ச் சட்டி கன்னங்கரேலென்று இருந்தது. மாலை முழுவதும் அதே எண்ணெயில் பலகாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். காரல் வாடை மேசை வரை வந்தது. உரிமச் சான்றிதழைத் தேடினேன். எல்லாருக்கும் தெரியும்படி மாட்ட வேண்டிய அது, கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாள்காட்டியின் அடியில் பாதி மறைந்து கிடந்தது. ஆனால் 2022 ஜனவரி முதல் பில்லிலேயே 14 இலக்க உரிம எண்ணை அச்சிட வேண்டும் என்பது கட்டாயமாகிவிட்டதால், அது என் கையிலேயே இருந்தது. அன்றிரவே அந்த எண்ணைக் குறிப்பிட்டு, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் செயலி வழியாகப் புகார் பதிந்தேன்.

பதில் வரும் என்று நான் பெரிதாக நம்பவில்லை. மூன்றாம் நாள் உணவுப் பாதுகாப்பு அலுவலர் தொலைபேசியில் அழைத்து, எந்த நேரத்தில் எண்ணெய் அந்த நிலையில் இருந்தது, புதிய எண்ணெய் ஊற்றியதைப் பார்த்தேனா என்று பொறுமையாக விசாரித்தார். திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெய் சிதைந்து, துருவச் சேர்மங்கள் எனப்படும் கழிவுப் பொருள்கள் அதில் பெருகுகின்றன. அவற்றின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. சூடான எண்ணெயில் நுனியை அமிழ்த்தினால் அந்த அளவைக் காட்டும் கைக்கருவியோடு அவர் நேரில் சென்றிருக்கிறார். அளவு வரம்பைத் தாண்டியிருந்ததால் எண்ணெயைக் கொட்ட வைத்து, குறைகளைச் சரிசெய்யக் கெடு வைக்கும் மேம்பாட்டு அறிவிப்பையும் கொடுத்துவிட்டு, அந்தத் தகவலை எனக்கும் சொன்னார். இந்தச் சேவையை மனமாரப் பாராட்டுகிறேன். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஊரில் எதுவும் நடக்காது என்று பேசிவிட்டுப் போவதை விட, பில்லைப் பத்திரப்படுத்தி ஒரு புகார் பதிவது பயனுள்ளது.

பொட்டலத்தில் வரும் உணவைப் பற்றி அதே நிறைவோடு எழுத முடியவில்லை. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் இறுதியிலிருந்து, சர்க்கரையோ நிறைவுற்ற கொழுப்போ மிகுந்த பானங்களின் முகப்பில் சி அல்லது டி என்ற தர எழுத்து இருந்தாக வேண்டும். டி தரப் பானங்களை விளம்பரப்படுத்தவும் முடியாது. அதற்குப் பழகிய என் மகன், இங்கே கடையில் ஒரு குளிர்பானப் புட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து அந்த எழுத்தைத் தேடினான். உணவு எவ்வளவு ஆரோக்கியமானது என்பதை உறையின் முகப்பில் நட்சத்திரங்களால் காட்டும் திட்டத்தின் வரைவு இந்தியாவில் 2022-இல் வெளியானது என்றாலும், நான் பார்த்த எந்தப் பொட்டலத்திலும் அப்படி எதுவும் இல்லை. பின்புறத்தில் மட்டும் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை இருந்தது.

அந்த அட்டவணை ஆங்கிலத்தில் இருப்பதுதான் என் பெரிய வருத்தம். உறைமீதுள்ள விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. தமிழைச் சேர்ப்பது உற்பத்தியாளரின் விருப்பம். என் அப்பாவுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். சர்க்கரை நோயாளிக்கு ஏற்றது என்று நம்பி அவர் தினமும் தின்று வந்த நார்ச்சத்து பிஸ்கட்டின் உறையைப் படித்துக் காட்டினேன். பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததற்கு வரிசைப்படுத்த வேண்டும் என்பது சட்டம். அந்த வரிசையில் சர்க்கரை மூன்றாவது இடத்தில் இருந்தது. "இதத் தமிழ்ல போட்டிருந்தா நானே பாத்திருப்பேனேப்பா" என்றார்.

எண்ணெய், கொழுப்பு வகைகளில் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகி, இதயத்துக்குக் கேடு செய்வது) 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியில் வந்த வரம்பு, எதையும் படிக்கத் தெரியாதவரையும் காக்கிறது, ஏனெனில் அது உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்துகிறது. உண்பவரின் தெரிவை நம்பி எழுதப்பட்ட விதியோ, அவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இல்லாதவரை அவரிடம் போய்ச் சேர்வதில்லை. தமிழ்நாட்டில் விற்கும் பொட்டலத்தில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகிய மூன்றின் அளவையாவது முகப்பில் தமிழில் அச்சிட வேண்டும் என்று ஆணையத்துக்கு எழுதியிருக்கிறேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள், அப்பா வழக்கமாக வாங்கும் ஆறு பொருள்களின் உறைகளைப் படித்து, ஒவ்வொன்றிலும் 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் ஒருமுறை வாசித்துவிட்டு, இரண்டு பொருள்களை எடுத்துத் தனியே வைத்தார்.