ஃபேக்ஸ் தெளிவா போகணும்னா எது பெஸ்ட்: ஜெராக்ஸா, ஃபைன் மோடா, கம்ப்யூட்டரா?

இந்தக் காலத்துல யாரு ஃபேக்ஸ் அனுப்புதான்னு கேக்காதிய. அமெரிக்கால இருக்க பிள்ளையளுக்கு இங்கேருந்து மெடிக்கல் பேப்பர் அனுப்பணும்னா அங்க நெறைய டாக்டர் ஆபீஸ்ல இன்னும் ஃபேக்ஸ் நம்பர்தான் குடுக்காங்க. அனுப்புறது பெரிசில்ல, அந்தப் பக்கம் படிக்கிற மாதிரி போய்ச் சேரணும்.

பாளையங்கோட்டை கோர்ட் பக்கமோ கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கமோ ஜெராக்ஸ் கடையில குடுத்தா, அண்ணாச்சி மொதல்ல சொல்லுறது “ஒரு ஜெராக்ஸ் போட்டு கருப்பாக்கி அனுப்பிருவோம்”. பென்சில் எழுத்து, மங்குன கார்பன் காப்பி, இதுக்கு சரிதான். ஆனா நல்லா இருக்க பேப்பரை இப்படி பண்ணக்கூடாது, ஏன்னா ணு, ஞ மாதிரி எழுத்துல உள்ள சுழியெல்லாம் அடைச்சுக்கிடும், பழைய மஞ்சப் பத்திரமா இருந்தா கறையும் சேந்து கருப்பாயிரும்.

கடை மெஷின்ல அனுப்புறதா இருந்தா எனக்கு ஃபைன் மோடுதான், அதாவது பேப்பரை இன்னும் நெருக்கமா கோடு கோடா படிக்கிற செட்டிங். சாதாரண மோடுல படுக்கைவாக்குல மில்லிமீட்டருக்கு 8 புள்ளி எடுக்கும், ஆனா மேலேருந்து கீழ மில்லிமீட்டருக்கு 3.85 கோடுதான், அதாவது ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கால் மில்லிமீட்டர் போயிரும். பொடி எழுத்து இங்கிலீஷாவது கொஞ்சம் தப்பிச்சுக்கிடும், தமிழ்ல மெய்யெழுத்து மேல வைக்கிற புள்ளி அந்த இடைவெளியில காணாமப் போயிருது, க் எல்லாம் க ஆயிருது, பட்டா நகல்ல சர்வே நம்பர் 3ஆ 8ஆன்னே தெரியாது. ஃபைன் வச்சா 7.7 கோடு, அப்படியே ரெட்டிப்பு. நேரமும் கிட்டத்தட்ட ரெட்டிப்பாவும், போன் காசு கூடும், கடைக்காரங்க யோசிக்கிறது அதுக்குத்தான், ஆனா நிலம் சம்பந்தப்பட்ட பேப்பர்ல அதைப் பாக்கலாமா? சூப்பர்ஃபைன் 15.4 வரைக்கும் போகும், ஆனா வாங்குற மெஷினுக்கும் அது தெரிஞ்சிருக்கணும்.

போட்டோ மோடு போட்டோவுக்கு மட்டும் போதும். ஃபேக்ஸுக்கு கருப்பு வெள்ளை ரெண்டுதான், சாம்பல் நெறத்தைப் புள்ளிபுள்ளியாத்தான் காட்டும், எழுத்தையும் அதே மாதிரி பொடிப்பொடியா ஆக்கிரும், அனுப்ப நேரமும் இழுக்கும்.

இதெல்லாத்தையும் விட மேல, கம்ப்யூட்டர்ல டைப் பண்ணுன லெட்டரா இருந்தா பிரிண்ட் எடுத்து ஸ்கேன் பண்ணாம அங்கேருந்தே நேரா ஃபேக்ஸா அனுப்புறது. ஸ்கேனரே நடுவுல வராததால கோணலும் இல்ல, தூசியும் இல்ல. கையெழுத்து போட்ட பேப்பரா இருந்தாலும் 300 டிபிஐல (இஞ்சுக்கு 300 புள்ளி) ஸ்கேன் எடுத்து கருப்பு வெள்ளையா மாத்திப் பாத்துட்டு அனுப்பலாம், எது மறையுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சிரும். செல்போன்ல போட்டோ புடிச்சு அனுப்பாதிய, கை நெழலு கருப்புத் திட்டா விழும்.

பக்கம் முழுக்க மேலேருந்து கீழ ஒரு கருப்புக் கோடு வருதா? போன் லைனைத் திட்டாதிய. அதே மெஷின்ல ஒரு காப்பி எடுத்துப் பாருங்க, அதுலயும் கோடு இருந்தா ஃபீடர் (பேப்பரை உள்ள இழுக்குற பாகம்) பக்கத்து சின்ன கண்ணாடியில மையோ ஒயிட்னரோ ஒட்டியிருக்கும், தொடச்சா போயிரும். கசங்குன பத்திரத்தை ஃபீடர்ல விடுறதை விட பெரிய கண்ணாடி மேல வைக்கிறதுதான் நல்லது.

காப்பி சுத்தமா இருந்து, அந்தப் பக்கம் மட்டும் வரி வரியா விட்டுப்போனாத்தான் லைன் கோளாறு. அப்போ மெஷின்ல ஈசிஎம்னு தப்பைத் திருத்துற செட்டிங் ஆன்ல இருக்கான்னு பாருங்க, தப்பா போன துண்டை மட்டும் மறுபடி அனுப்பும். அப்பவும் சரியாகலன்னா அனுப்புற வேகத்தை செகண்டுக்கு 14400 பிட்லேருந்து 9600க்கு எறக்குங்க. இப்ப ஃபைபர் கனெக்‌ஷன் வந்த வீட்டுல போன் பேச்சும் இன்டர்நெட் டேட்டா மாதிரிதான் போகுது, நடுவுல துண்டு விட்டுப்போனா பேச்சு சமாளிச்சுக்கிடும், ஃபேக்ஸ் சமாளிக்காது, அதனால பழைய செம்புக் கம்பி லைன் இருக்க கடை எதுன்னு விசாரிச்சு அங்க போங்க.