பேரியம் டைட்டனேட் படிகமும் தொலை அகச்சிவப்பு அளவீடும்: ஒரு கருவிக்கூட அனுபவம்

எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்துத் தரும் கூடங்கள் நிறைய உண்டு, ஆனால் பெரும்பாலும் பொடியை பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து, பெல்லட் (அழுத்திய வில்லை) போட்டு, அலை எண் 400 செ.மீ⁻¹ வரைக்கும் ஒரு கோடு வரைந்து கொடுத்துவிடுவார்கள். பேரியம் டைட்டனேட் மாதிரி ஃபெரோஎலக்ட்ரிக் (தானாகவே மின் முனைவாக்கம் கொண்ட) படிகத்துக்கு அது உதவாது. அணிக்கோவை அதிர்வுகளில் (படிக அணுக்கள் சேர்ந்து ஆடும் அதிர்வுகள்) நமக்கு வேண்டியவை பாதிக்கு மேல் அந்த 400-க்குக் கீழேதான் கிடக்கின்றன, அங்கே அந்தப் புரோமைடே ஒளியை விழுங்கிவிடும்.

இந்தக் கூடத்தில் மைலார் ஒளிப்பிரிப்பான், பாலித்தீன் சன்னல், சாம்பிளைச் சூடேற்றும் மேடை மூன்றும் இருக்கின்றன. படிகத்தை அப்படியே வைத்து, தங்கக் கண்ணாடியை ஒப்பாகக் கொண்டு, எதிரொளிப்பை அளந்து தருகிறார்கள். கருவியைப் பார்த்துக்கொள்ளும் மேடம், ஈரப்பதக் கோடுகள் அடங்கும் வரை உலர்காற்றை ஓடவிட்டு, முக்கால் மணி நேரம் ஸ்கேனைத் தொடவே இல்லை. எனக்கு அதுவே பாதி நம்பிக்கை தந்தது. அந்த அறையின் ஏசியையும் அணைக்கவிட மாட்டார். காரணம் கேட்டேன்: உள்ளே இருக்கும் உணரியே ஒரு ஃபெரோஎலக்ட்ரிக். அந்த உணரிப் பொருளான டிரைகிளைசின் சல்ஃபேட் 49 டிகிரியில் மின் முனைவாக்கத்தை இழந்துவிடும், டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) சேர்த்தால் அந்த வரம்பு 60-ஐ ஒட்டிப் போகும், அவ்வளவுதான்.

சரி, குறைக்கு வருகிறேன். முதல் நாள் நிறமாலையில் 305 செ.மீ⁻¹ பக்கத்தில் இருந்த சின்னப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிகம் நாற்கோண நிலையில் இருக்கும்போது அது தெரியும்; 120 டிகிரி பக்கத்தில் கனசதுர நிலைக்குப் போனால் அகச்சிவப்பில் மூன்று அதிர்வுகளுக்கு மட்டுமே இடம், அந்தப் பள்ளம் மறைந்தாக வேண்டும். சூடேற்றியதில் 120 டிகிரி தாண்டியது, பள்ளம் போகவில்லை. 125, அப்போதும் அப்படியே. திரையில் 132 காட்டிய பிறகுதான் மறைந்தது. இந்தப் படிகத்தில் சூடேற்றும்போதும் ஆறும்போதும் வரும் வித்தியாசம் சில டிகிரிதான், அதனால் இவ்வளவு பிந்தாது. பார்த்தால் வெப்ப இரட்டை (வெப்பநிலை அளக்கும் கம்பி) சாம்பிளுக்குப் பக்கத்திலேயே இல்லை, சூடேற்றும் கட்டைக்குள் சொருகியிருந்தார்கள். சொன்னதும் மேடம் வாதாடவில்லை. மறுநாள் வெள்ளிப் பசையால் படிகத்தின் ஓரத்திலேயே ஒட்டி மறுபடி எடுத்துக் கொடுத்தார், 121-ல் போய்விட்டது. அந்த இரண்டாவது ஓட்டத்துக்குக் காசும் வாங்கவில்லை.

இன்னொன்று, இது அவர்கள் தப்பில்லை. ஒருமுறை 120-ஐத் தாண்டி ஆறிவிட்டால் டொமைன்கள் (முனைவாக்கம் ஒரே திசையில் இருக்கும் பகுதிகள்) பழைய மாதிரி அமையாது. என் படிகம் அறை வெப்பத்துக்குத் திரும்பியபோது முனைவாக்கிய ஒளியில் (ஒரே திசையில் அதிரும் ஒளி) எடுத்த நிறமாலை காலையில் எடுத்ததோடு பொருந்தவில்லை. அதனால் அறை வெப்ப அளவீட்டை, இரண்டு திசைகளிலும், சூடேற்றுவதற்கு முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் அதற்குத் தனிக் கட்டம் இல்லை, கையால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

குளிரூட்டும் வசதி இன்னும் இங்கே இல்லை. பேரியம் டைட்டனேட் 5 டிகிரிக்குப் பக்கத்தில் ஒருமுறை, மைனஸ் 90-ஐ ஒட்டி இன்னொரு முறை நிலை மாறும். அந்த இரண்டையும் பார்க்க வேண்டுமானால் வேறு இடம்தான் தேட வேண்டும். சூட்டுப் பக்கத்துக்கு நான் மறுபடியும் இங்கேதான் போவேன், அடுத்தது லெட் டைட்டனேட், ஆனால் அதற்கு 490 டிகிரி வேண்டும், மேடை தாங்குமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.