செல் பகுப்பு ஸ்லைடு பெட்டி: 780 ரூபாய்க்குத் தகுமா?

பிளஸ் ஒன் செய்முறை வகுப்புக்காக ஜூலையில் ஆன்லைனில் இந்தப் பெட்டியை வாங்கினேன். அம்பாலாவிலிருந்து ஒன்பது நாளில் வந்தது. 12 ஸ்லைடு, 780 ரூபாய். ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் பலர் 'குட் பேக்கிங்' என்பதோடு நிறுத்திவிட்டார்கள். பேக்கிங் நல்ல பேக்கிங்தான், ஆனால் நான் வாங்கியது அதற்காக இல்லையே.

வெங்காய வேர்நுனி ஸ்லைடு நான்கு இருக்கிறது. முதல் மூன்றும் அருமை. 40 எக்ஸ் லென்ஸைப் போட்டதும் குரோமோசோம்கள் முறுக்கிய நூல்துண்டு போலக் கருஞ்சிவப்பாகத் தெரிந்தன. பள்ளியில் நாங்களே அசிட்டோகார்மைன் சாயம் ஊற்றிக் கட்டைவிரலால் நசுக்கும்போது பாதி செல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

நான்காவதன் லேபிள் 'அனாஃபேஸ்', அதாவது குரோமோசோம் ஜோடிகள் பிரிந்து எதிரெதிர் முனைக்கு விலகும் கட்டம். முக்கால் மணி நேரம் ஸ்லைடை நகர்த்தி நகர்த்தித் தேடியதில் கிடைத்தது இரண்டே செல். விற்றவர்மேல் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், குறை முழுக்க அவர்களுடையது இல்லை. சாயமேற்றிய செல்கள் அந்தந்தக் கணத்தில் உறைந்து நிற்பவை. சில நிமிடங்களில் முடிந்துவிடும் கட்டம் எண்ணிக்கையிலும் குறைவாகத்தான் அகப்படும். தாமதம் எல்லாம் அதற்கு முன்புதான்.

கடைசிப் பயணி படியில் கால் வைக்கும்வரை கண்டக்டர் விசில் ஊதமாட்டார் அல்லவா, பிரியும்முன் செல் காத்திருப்பதும் அதே கதை என்று வகுப்பில் சொல்வேன். ஒவ்வொரு குரோமோசோமின் இரண்டு பிரதிகளான குரோமாட்டிடுகளையும் கோஹெசின் என்ற புரத வளையம் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதை வெட்டும் கத்தரி செபரேஸ். கத்தரியின் வாயை செக்யூரின் பொத்தி வைத்திருக்கும். குரோமாட்டிடுகளை இரு பக்கமும் இழுப்பவை கதிர்கோல் இழைகள்; அவை பிடிக்கும் கொக்கி கைனெட்டோகோர். இழை பிடிக்காத கைனெட்டோகோர் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் 'பொறு' என்ற சைகை போய்க்கொண்டே இருக்கும். எல்லாம் மாட்டியபிறகுதான் ஏபிசி என்ற புரதத் தொகுதி செக்யூரினை அழிவுக்கு அனுப்பும். கத்தரி விடுபட, எல்லா ஜோடியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிரியும். 1995இல் ரீடர் என்ற ஆய்வாளரின் குழுவினர், பொட்டோரூ என்ற கங்காரு இனத்துச் சிறு விலங்கின் செல்லில், இழை பிடிக்காமல் நின்ற அந்த ஒற்றைக் கைனெட்டோகோரை லேசரால் சுட்டு அழித்தார்கள். காத்திருக்க வைத்த பயணியே இல்லை என்றானதும் பஸ் கிளம்பிவிட்டது.

பெட்டியில் காசுக்குத் தகுந்தது ஏழாவது ஸ்லைடு, கால்ச்சிசின் என்ற வேதிப்பொருள் போட்ட வெங்காய வேர்நுனி. கால்ச்சிசின் கதிர்கோலைக் கட்டவே விடாது. பிடிக்க இழை இல்லாததால் குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டாமல், கொட்டிய புளியங்கொட்டை மாதிரி சிதறிக் கிடக்கின்றன. பிள்ளைகள் பென்சிலால் வரைந்து வரைந்து 16 என்று எண்ணிவிட்டார்கள். செங்காந்தளிலும் இந்த கால்ச்சிசின் இருக்கிறது என்றதும், மூலனூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், "டீச்சர், எங்க தோட்டத்துக் கண்வலிக்கிழங்கா?" என்று எழுந்து நின்றான். அதேதான். விதையை விற்றுக் காசு பார்க்கிறார்களே, அது எதற்குப் போகிறது என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்ததாம்.

குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பகுப்பான மியாசிஸ் ஸ்லைடுகள் ஐந்தும் சுமார். சாயம் வெளிறியிருக்கிறது, லேபிளிலும் எழுத்துப்பிழை. ஒன்பதாவதில் கவர்ஸ்லிப் ஓரத்தில் பசை வழிந்து, லென்ஸில் ஒட்டி, சைலீன் தொட்டுத் துடைக்க வேண்டியதாயிற்று. வேர்நுனியில் பார்த்த சாதாரணப் பகுப்பான மைட்டாசிஸ் மட்டும் நடத்துபவர்கள் தாராளமாக வாங்கலாம். மியாசிஸுக்கு வேறு பெட்டி பாருங்கள். என் கணக்கில் மூன்றரை நட்சத்திரம். அரை நட்சத்திரம் போட இங்கே வழியில்லை. ஏழாவது ஸ்லைடுக்காக நான்காக்கிவிட்டேன்.

ஒன்பதாவதை மாற்றித் தருவதாகப் போனில் சொன்னார்கள். ஆறு வாரம் ஆயிற்று.