கரடிக்கு வேலை கொடுத்த பூங்கா: மூன்றரை நட்சத்திரம்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பும் மண்பாதையில் இருக்கும் சின்ன விலங்குப் பூங்காவைப் பற்றி எழுதுகிறேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

கழிவறை சுத்தம். காடி நிறுத்த இடம் உண்டு. கடையில் மீ கோரிங் சுமார்தான்.

நான் மார்க் போடுவது சூரியக் கரடியைப் பார்த்து. போன வருஷம் அது வேலியோரமாக ஒரே தடத்தில் போய், ஒரே மூலையில் தலையைச் சுழற்றித் திரும்பிக்கொண்டே இருந்தது. அந்தத் தடத்தில் புல்லே இல்லை. பிள்ளைகள் "டான்ஸ் ஆடுது" என்று கைதட்டினார்கள். வீட்டில் மாடு வளர்த்தவர்களுக்கு அது ஆட்டமில்லை, அடைபட்ட தவிப்பு என்று பார்த்ததுமே தெரியும். காட்டில் பரந்து திரியும் ஊனுண்ணிகளுக்குத்தான் கூண்டில் இந்தப் பழக்கம் அதிகம் என்று 2003-இல் ஆக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் ரோஸ் கிளப்பும் ஜார்ஜியா மேசனும் எழுதினார்கள். அவர்கள் பட்டியலில் பனிக்கரடியின் நிலை மிக மோசம்.

இந்த முறை அதே கரடி ஒரு மரக்கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கட்டையில் துளை போட்டு உள்ளே தேன் தடவியிருக்கிறார்கள். 20 சென்டிமீட்டருக்கு மேல் நீளும் நாக்கு அதற்கு. துளை துளையாக விட்டு நக்குகிறது. பக்கத்தில் தோட்டத்திலிருந்து வெட்டி வந்த கரையான் புற்று. காட்டிலும் அதற்கு இதுதானே பிழைப்பு!

இந்த மாற்றம் பராமரிப்பாளர் தம்பியின் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் தொடங்கியது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, அந்த நேரத்தில் கரடி என்ன செய்கிறதோ அதை மட்டும் எழுதுவார்: நடக்குது, தோண்டுது, படுத்திருக்கு. சும்மா பார்த்தால் கண்ணில் பளிச்சென்று படுவதுதான் மனசில் நிற்கும். அதனால்தான் இப்படிக் கணக்காகப் பார்க்கும் முறைகளை விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-இல் வகுத்து எழுதினார். தம்பிக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆனால் செய்வது அதுவே. கூட்டிப் பார்த்ததில், சாயங்காலத் தீனி நேரம் நெருங்க நெருங்கத்தான் நடை கூடுகிறது என்று புரிந்திருக்கிறது. இப்போது நேரத்தை மாற்றி மாற்றி, இரையை ஒளித்து வைக்கிறார்கள்.

"நின்னுருச்சுன்னு சொல்லமாட்டேன் டீச்சர், கொறஞ்சிருக்கு," என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது.

இனி குறை. சியாமாங் என்ற வாலில்லாக் குரங்கு ஜோடியின் கூண்டுக்கு மேலேயே ஒலிபெருக்கி. காலையில் தொண்டைப் பையை உப்பி இரண்டும் சேர்ந்து பாடுவதுதான் அவற்றின் எல்லைக்கல். ஜோடியின் பிணைப்பும் அதில் இருக்கிறது. இங்கே கதவு திறந்ததிலிருந்து சினிமாப் பாட்டு. நான் இருந்தவரை இரண்டும் வாயைத் திறக்கவில்லை. கூண்டின் அளவுக்கு மலேசிய விலங்குப் பூங்காக்களுக்கான 2012 விதிமுறைகளில் கணக்கு இருக்கிறது, சரி. சத்தத்தைப் பூங்கா முதலாளி, தவுக்கேதான் பார்த்துக் குறைக்க வேண்டும்.

வாசலில் விற்கும் தீனிப் பொட்டலமும் வேண்டாத வேலை. மான்கள் மேய்ச்சலை விட்டுவிட்டு வேலியில் மூக்கை நுழைத்து நிற்கின்றன, வயிறு பெருத்து.

போவதென்றால் காலையில் போங்கள், வெயில் ஏறினால் கரடி படுத்துவிடும். பொட்டலம் வாங்காதீர்கள். தம்பியிடம் கேட்டால் நோட்டைக் காட்டுவார். பிள்ளைகளிடமும் ஒரு பென்சிலைக் கொடுத்து அரை மணி நேரம் எழுதச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியை இறக்கினால் நான்கரையாக மாற்றிவிடுகிறேன்.